பெட்டிக்குள் யார்? மனிதனோடு விளையாடிய முதல் இயந்திரங்கள்

"மனிதனை எதிர்த்து விளையாடிய முதல் கணினி எது? 1997இல் சதுரங்க உலக வாகையர் காஸ்பரோவை வென்ற டீப் புளூ கணினிக்கு முன்னால் ஏதாவது இருந்ததா? அப்படி இருந்தவை யோசித்துத்தான் ஆடினவா, இல்லை உள்ளே ஏதாவது தந்திரம் இருந்ததா?" கணினி அறிவியல் படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. மூன்று கேள்விகளாகத் தெரிந்தாலும் உயிர் இருப்பது மூன்றாவதில்தான். ஓர் இயந்திரம் நம்மை வென்றால், அந்த வெற்றிக்கான யோசனை எங்கே நடந்தது, யாருடைய தலைக்குள், எப்போது என்று கேட்க வேண்டும். பல ஆண்டுகளாக என்னை விடாமல் பிடித்திருக்கும் கேள்வியும் அதுதான். மற்ற இரண்டுக்கும் வழியிலேயே பதில் கிடைத்துவிடும்.

தந்திரத்திலிருந்தே தொடங்குகிறேன். 1770இல் வியன்னாவில், பேரரசி மரியா தெரேசாவின் அவையில், வொல்ஃப்காங் ஃபொன் கெம்பெலன் ஒரு பொம்மையைக் கொண்டுவந்து நிறுத்தினார். துருக்கியர் உடையும் தலைப்பாகையும் அணிந்த பொம்மை. அதன் முன்னால் பெரிய மரப்பெட்டி, பெட்டியின் மேல் சதுரங்கப் பலகை. ஆட்டம் தொடங்கும் முன் பெட்டியின் கதவுகளைத் திறந்து காட்டுவார்கள். உள்ளே பல்சக்கரங்கள் தெரியும். பிறகு பொம்மை கையை நீட்டிக் காயை நகர்த்தும், பெரும்பாலும் வெல்லும். 1809இல் நெப்போலியனும் அதனோடு ஆடியிருக்கிறார். உண்மையில் பெட்டிக்குள் சதுரங்கத்தில் தேர்ந்த ஒரு மனிதர் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். 1854இல் ஃபிலடெல்ஃபியாவில் நேர்ந்த தீ விபத்தில் அந்தப் பொம்மை எரிந்துபோயிற்று. அதை ஏமாற்று என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அதனோடு ஆடித் தோற்றவர்களில் சார்லஸ் பாபேஜும் ஒருவர் என்பதை மறக்கக் கூடாது.

இன்றைய கணினிக்கு முன்னோடியான பகுப்பாய்வு எந்திரத்தைத் திட்டமிட்ட அதே பாபேஜ்தான். ஒன்பது கட்டங்களில் சுழியும் பெருக்கற்குறியும் மாற்றி மாற்றிப் போட்டு, ஒரு வரிசையை யார் முதலில் நிரப்புகிறார்கள் என்று பார்க்கும் ஆட்டத்தை ஆட ஓர் இயந்திரம் செய்யலாம் என்று அவர் கணக்குப் போட்டார். அதை ஊர் ஊராகக் காட்டிக் கட்டணம் வசூலித்தால் தன் பெரிய எந்திரத்துக்குப் பணம் சேருமே என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது. 1864இல் வெளியான தன் வாழ்க்கைக் குறிப்புகளில் இதைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். அதில் ஒரு சின்ன விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். சமமான இரண்டு நல்ல நகர்வுகள் எதிரே வந்தால் இயந்திரம் எதைத் தேர்ந்தெடுப்பது? இதுவரை வென்ற ஆட்டங்களின் எண்ணிக்கையைப் பார்; இரட்டைப்படை என்றால் முதல் நகர்வு, ஒற்றைப்படை என்றால் இரண்டாவது. பார்ப்பவர்களுக்கு இயந்திரம் தன் விருப்பப்படி மாறி மாறி ஆடுவதுபோல் இருக்கும். அந்த இயந்திரம் கடைசிவரை கட்டப்படவில்லை.

கட்டி முடித்துக் காட்டியவர் ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் லியோனார்டோ தோரஸ் கெவேதோ. 1912இல் அவர் செய்த இயந்திரத்துக்குச் 'சதுரங்க ஆட்டக்காரன்' என்று பொருள்படும் ஸ்பானியப் பெயர். 1914இல் பாரிஸில் அதை மக்கள் பார்த்தார்கள். அது முழு ஆட்டத்தையும் ஆடாது. இயந்திரத்திடம் வெள்ளை ராஜாவும் ஒரு யானையும், மனிதரிடம் கறுப்பு ராஜா மட்டும்: இந்த ஒரே இறுதிக்கட்டத்தை மட்டும் ஆடும். எந்த இடத்திலிருந்து தொடங்கினாலும் கடைசியில் மனிதரை செக்மேட் செய்துவிடும். மின்காந்தங்களும் மின்கம்பிகளும் சேர்ந்து ஒரு சில விதிகளைப் பின்பற்றின, அவ்வளவுதான். கறுப்பு ராஜா யானை இருக்கும் பக்கத்திலேயே நின்றால், யானை பலகையின் மறுகோடிக்கு விலகும். அப்படி இல்லாமல் இருவருக்கும் இடையே ஒரு வரிசைக்கு மேல் இடைவெளி இருந்தால், யானை ஒரு வரிசை இறங்கி நெருக்கும். இப்படியே போகும் மற்ற விதிகளும். தேவைக்கு அதிகமான நகர்வுகளை எடுத்துக்கொள்ளும். சில நிலைகளில், அதற்கு மேல் போனால் டிரா கேட்கலாம் என்ற சதுரங்கத்தின் ஐம்பது நகர்வு வரம்பையும் தாண்டிவிடும். ஆனால் தவறாது. மனிதர் விதியை மீறிக் காயை வைத்தால் ஒரு விளக்கு எரியும். மூன்று முறை மீறினால் இயந்திரம் ஆட்டத்தையே நிறுத்திவிடும்.

ஆக, தந்திரம் இல்லாமல் மனிதனோடு ஆடிய முதல் இயந்திரம் எது என்றால், டீப் புளூவுக்கு 85 ஆண்டுகள் முந்திய இதையே சொல்வேன். பெட்டிக்குள் மனிதர் யாரும் இல்லை. யோசனை முழுவதும் தோரஸ் கெவேதோவின் தலைக்குள், 1912க்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. அந்த யோசனையின் அச்சுதான் கம்பிகளில் இருந்தது.

அடுத்து வருவது நிம் என்ற ஆட்டம். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கணினியின் இதயத்துக்குள் நேராக எட்டிப்பார்க்க இதைவிட எளிய சாளரம் எனக்குத் தெரிந்து வேறில்லை. கொஞ்சம் புளியங்கொட்டைகளை எடுத்து மூன்று குவியல்களாக வையுங்கள்: ஒன்றில் 3, ஒன்றில் 5, ஒன்றில் 6. இருவர் மாறி மாறி எடுக்க வேண்டும். ஒரு முறைக்கு ஒரே குவியலிலிருந்துதான் எடுக்கலாம், ஆனால் எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். கடைசிக் கொட்டையை எடுப்பவர் வெற்றி பெறுவார்.

இப்போது ஒவ்வொரு குவியலையும் 4, 2, 1 என்ற மூன்று எடைக்கற்களால் நிறுத்துப் பாருங்கள். 3 என்பது 2உம் 1உம். 5 என்பது 4உம் 1உம். 6 என்பது 4உம் 2உம். மொத்தத்தில் 4 இரண்டு தடவை வருகிறது, 2 இரண்டு தடவை, 1 இரண்டு தடவை. எல்லாக் கற்களுக்கும் ஜோடி இருக்கிறது. இப்படி எல்லாம் ஜோடியாக இருக்கும்போது யாருடைய முறையோ, அவர் தோற்பார், எதிராளி பிழை செய்யாதவரை. காரணம் எளிது. ஒரு குவியலிலிருந்து எதை எடுத்தாலும் அந்தக் குவியலின் கற்கள் மாறும், எங்கோ ஒரு ஜோடி உடையும். உடைந்த நிலையில் ஆடுபவருக்கோ எல்லாவற்றையும் மறுபடி ஜோடியாக்கும் ஒரு நகர்வு எப்போதும் உண்டு. ஜோடி இழந்த கற்களில் பெரியது எந்தக் குவியலில் இருக்கிறதோ, அந்தக் குவியலைத் தக்கபடி குறைத்தால் போதும். கடைசியில் எல்லாக் குவியலும் காலியாவதும் 'எல்லாம் ஜோடி' என்ற நிலைதான். எனவே ஜோடியாக்கிக்கொண்டே போகிறவர் கையில்தான் கடைசிக் கொட்டை வரும். 3, 5, 7 என்று வைத்து நீங்களே சோதித்துப் பாருங்கள். அங்கே 1 மூன்று தடவை வருகிறது. எந்தக் குவியலிலிருந்தும் ஒன்றே ஒன்றை எடுத்தால் எல்லாம் ஜோடியாகிவிடும்.

1901இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சார்லஸ் பௌட்டன் இதைக் கணிதமாக நிறுவினார், நிம் என்ற பெயரையும் சூட்டினார். 4, 2, 1 என்று நிறுப்பது இரும எண்முறையே தவிர வேறல்ல. 'ஜோடி இருக்கிறதா' என்று பார்ப்பதும் இன்றைய ஒவ்வொரு கணினிச் சில்லும் நொடிக்குக் கோடிக்கணக்கில் செய்யும் அடிப்படைச் செயல்களில் ஒன்று. இந்த ஆட்டத்தை ஆடும் இயந்திரத்தை யார் கட்டினாலும், தெரிந்தோ தெரியாமலோ ஒரு சிறு கணினியைக் கட்டுகிறார்கள்.

தெரியாமல் கட்டியவர் எட்வர்ட் காண்டன். பெயர்பெற்ற இயற்பியலாளர்; அப்போது வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் இருந்தார். 1940இல் நியூயார்க் உலகப் பொருட்காட்சியில் அந்த நிறுவனத்தின் கூடத்தில் அவருடைய 'நிமட்ரான்' வைக்கப்பட்டது. எடை ஏறத்தாழ ஒரு டன். நான்கு வரிசைகள், வரிசைக்கு அதிகபட்சம் ஏழு விளக்குகள். விளக்குதான் புளியங்கொட்டை, பொத்தானை அழுத்தினால் ஒவ்வொன்றாக அணையும். உள்ளே ரிலேக்கள், அதாவது மின்சாரத்தால் இயங்கும் விசைகள். ஏழு வரை எண்ண மூன்று பிட், அதாவது மூன்று இரும இலக்கம் போதும், நான்கு வரிசைக்குப் பன்னிரண்டு பிட். ஆட்டத்தின் முழு நிலையும் அந்தப் பன்னிரண்டில் அடங்கிவிடும். இன்று ஒரு தமிழ் எழுத்தைச் சேமிக்கவே அதைவிட அதிகம் தேவை.

பொருட்காட்சி நடந்த காலத்தில் அது சுமார் 1,00,000 ஆட்டங்கள் ஆடி, ஏறத்தாழ 90,000இல் வென்றது. தோற்ற ஆட்டங்களில் பெரும்பாலானவை அங்கேயே வேலைபார்த்த உதவியாளர்களிடம். சந்தேகப்படுகிற பார்வையாளர்களுக்கு இயந்திரத்தையும் வெல்லலாம் என்று காட்டுவதற்காக அவர்கள் ஆடியவை. வேறொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். ரிலேக்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் விடையைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் மனிதர் தலையைப் பிடித்துக்கொண்டு யோசித்து ஆடிய உடனே இயந்திரம் சட்டென்று பதில் கொடுத்தால் அவர் மனம் நோகுமே என்று, வேண்டுமென்றே சில நொடித் தாமதத்தைக் காண்டன் அதில் சேர்த்தார். இயந்திரமும் 'யோசிப்பதுபோல்' நின்று ஆடியது. இந்தப் பரிவு எனக்குப் பெரிதாகப் படுகிறது. இன்று உரையாடும் மென்பொருள்கள் எழுத்தெழுத்தாகப் பதிலைக் காட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் நிமட்ரான்தான் நினைவுக்கு வருகிறது. அந்தச் சுற்றுகளைக் கொண்டு பொதுவான கணக்குகளையும் செய்யலாம் என்பது அப்போது தன் புத்தியில் படவில்லையே என்று காண்டன் பிற்காலத்தில் வருந்தினார்.

தெரிந்தே கட்டியவர்கள் பிரிட்டனின் ஃபெரான்டி நிறுவனத்தார். 1951இல் நடந்த பிரிட்டன் திருவிழாவின் அறிவியல் கண்காட்சியில், லண்டன் தெற்குக் கென்சிங்டனில், ஏதாவது காட்டுகிறோம் என்று அவர்கள் வாக்குக் கொடுத்திருந்தார்கள். நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்திரேலியரான ஜான் பென்னட் நிமட்ரானை நினைவில் வைத்து, நிம் ஆடும் கணினியையே செய்துவிடலாம் என்றார். ரேமண்ட் ஸ்டூவர்ட்-வில்லியம்ஸ் சில மாதங்களில் கட்டி முடித்தார். அதன் பெயர் 'நிம்ராட்'. பன்னிரண்டடி அகலம், ஒன்பதடி ஆழம், ஐந்தடி உயரம், உள்ளே 480 வெற்றிடக் குழாய்கள். இயந்திரம் எப்படிக் கணக்கிடுகிறது என்று பார்வையாளர்களுக்குக் காட்ட முகப்பில் விளக்குப் பலகையே வைத்தார்கள். நேரத்தை வீணாக்கும் விளையாட்டாக இது தோன்றலாம், ஆனால் சிக்கலான ஆட்டத்தை ஆடும் இயந்திரத்தால் நடைமுறைச் சிக்கல்களையும் தீர்க்க முடியும் என்று கையேடு போட்டு விளக்கினார்கள்.

மக்கள் அதையெல்லாம் பார்க்கவில்லை. ஆடினார்கள், தோற்றார்கள், மறுபடி வரிசையில் நின்றார்கள். அதே ஆண்டு பெர்லின் தொழிற்காட்சிக்கு நிம்ராட் போனது. மேற்கு ஜெர்மனியின் பொருளாதார அமைச்சர் லுட்விக் எர்ஹார்ட் அதனோடு ஆடித் தோற்றார். கூடத்தின் மறுமுனையில் இலவசமாக மது கொடுத்த இடத்தை யாரும் சீண்டவில்லை, எல்லோரும் நிம்ராடைச் சுற்றியே நின்றார்கள் என்று பென்னட் நினைவுகூர்ந்திருக்கிறார். பிறகு அது பிரிக்கப்பட்டது. வேலை முடிந்தது, வீட்டைக் காலிசெய் என்பதுபோல.

நிம்ராடுக்கு ஓராண்டு முன்பே, 1950இல், கனடாவின் டொரான்டோ கண்காட்சியில் 'பெர்ட்டி' என்ற நான்கு மீட்டர் உயர இயந்திரம் சுழி–பெருக்கற்குறி ஆட்டத்தை ஆடியது. வியன்னாவில் பிறந்த பொறியாளர் யோசெஃப் கேட்ஸ், தான் வடிவமைத்த புதுவகை வெற்றிடக் குழாய் ஒன்றை விளம்பரப்படுத்த அதைச் செய்தார். எத்தனை கடினமாக ஆட வேண்டும் என்று அதில் திருகி வைக்க முடியும். அமெரிக்க நடிகர் டேனி கே மீண்டும் மீண்டும் தோற்று, கடினத்தைக் குறைத்த பிறகே வென்றார். அந்த மகிழ்ச்சி புகைப்படமாகப் பதிவாகியிருக்கிறது. 1952இல் கேம்பிரிட்ஜின் எட்சாக் கணினியில் சாண்டி டக்ளஸ் என்ற ஆய்வு மாணவர் இதே ஆட்டத்தை நிரலாக எழுதினார். மனிதரும் கணினியும் ஊடாடுவது பற்றிய அவருடைய முனைவர் பட்ட ஆய்வின் பகுதி அது. 35க்கு 16 ஒளிப்புள்ளிகள் கொண்ட குழாய்த்திரையில் கட்டங்கள் தெரியும். தொலைபேசியில் எண் சுழற்றும் டயலைச் சுழற்றித்தான் எந்தக் கட்டம் என்று சொல்ல வேண்டும். பெர்ட்டியும் நிம்ராடும் அந்தந்த ஆட்டத்துக்கென்றே கட்டப்பட்டவை. எட்சாக் அப்படியல்ல, காலையில் ஒருவருக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்த அதே இயந்திரம் மாலையில் வேறொருவரோடு விளையாடும். 'மனிதனோடு ஆடிய கணினி' என்ற சொல்லை இன்றைய பொருளிலேயே கேட்டால், என் கணக்கில் அதற்கு எட்சாக்கையும், அடுத்துச் சொல்லப்போகும் மான்செஸ்டர் கணினியையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு குறை உண்டு. நிம்முக்கும் ஒன்பது கட்ட ஆட்டத்துக்கும் விடை ஏற்கெனவே தெரியும். தெரிந்த விடையை இயந்திரம் ஒப்பித்தது. விடை யாருக்குமே தெரியாத ஓர் ஆட்டத்தைக் கொடுத்தால் என்ன செய்யும்?

அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் கிறிஸ்டோஃபர் ஸ்ட்ரேச்சி. ஹாரோ பள்ளியில் ஆசிரியர். கணினி ஆய்வுக்கூடம் எதிலும் வேலை பார்க்கவில்லை. விடுமுறையிலும் ஓய்விலும் உட்கார்ந்து, டிராஃப்ட்ஸ் ஆட்டத்துக்கு நிரல் எழுதினார். காய்களைக் குறுக்கே நகர்த்தி, எதிராளியின் காயைத் தாண்டி வெட்டும் பலகை ஆட்டம்; அமெரிக்காவில் செக்கர்ஸ் என்று சொல்வதும் இதைத்தான். 1951 ஜூலையில் டெடிங்டனில் இருந்த பைலட் ஏஸ் கணினியில் முதலில் ஓட்டிப் பார்த்தார், பிழைகளால் நின்றுபோயிற்று. பிறகு மான்செஸ்டரின் ஃபெரான்டி மார்க் 1 கணினிக்கு மாறினார். 1952 கோடைக்குள் அது ஒரு முழு ஆட்டத்தை ஓரளவு வேகத்தோடு ஆடியது. தன் நகர்வு, எதிராளியின் பதில், அதற்குத் தன் பதில் என்று சில படிகள் முன்னால் பார்த்து, எந்தப் பக்கம் காய்கள் மிஞ்சும் என்று எண்ணி முடிவெடுக்கும் முறை. மனிதர் தாமதித்தால் எரிச்சலான செய்திகளை அச்சடிக்கும். தொடர்ந்து தாமதித்தால், இனி நேரத்தை வீணாக்க மாட்டேன், வேறு மனிதரோடு போய் ஆடு என்று ஆட்டத்தை முடித்துவிடும். ஆட்டம் அப்படியொன்றும் உயர்ந்த தரமில்லை. ஆனால் ஒன்று நடந்தது: அது வைத்த நகர்வுகள் ஸ்ட்ரேச்சிக்கு முன்கூட்டித் தெரியாதவை. எப்படித் தேடுவது என்பதை அவர் சொன்னார், எதைக் கண்டுபிடிப்பது என்பதை இயந்திரம் பார்த்துக்கொண்டது. யோசனை முதன்முறையாக இரண்டு இடங்களில் நடந்தது.

இதே காலத்தில் கணினி அறிவியலின் முன்னோடியான ஆலன் ட்யூரிங் கணினியே இல்லாமல் சதுரங்க நிரல் ஒன்றை ஓட்டினார். நண்பர் டேவிட் சாம்பர்னௌனோடு 1948இல் உருவாக்கிய விதிகளைத் தாளில் வைத்துக்கொண்டு, தானே இயந்திரமாக உட்கார்ந்து, ஒவ்வொரு நகர்வுக்கும் அரைமணி நேரம்வரை கையால் கணக்கிட்டு, 1952இல் அலிக் கிளென்னியோடு ஆடினார். நிரல் தோற்றது. தன் மனம் எங்கே காயை வைக்கச் சொன்னாலும் அதை ஒதுக்கிவிட்டு, விதி சொன்ன இடத்திலேயே வைத்த அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கும். கெம்பெலனின் பெட்டிக்குள் மனிதர் இயந்திரமாக நடித்தார். இங்கே ட்யூரிங் உண்மையாகவே இயந்திரமாக இருந்தார்.

அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்தின் ஆர்தர் சாமுவேல் செக்கர்ஸை இன்னொரு படி கொண்டுபோனார். அவருடைய நிரல் தன் மதிப்பீட்டைத் தானே திருத்திக்கொண்டது. காய் எண்ணிக்கை, நடுப்பகுதிப் பிடி போன்றவற்றுக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதை அனுபவத்திலிருந்து மாற்றும். நிரலின் இரண்டு நகல்களை ஒன்றோடொன்று மோதவிட்டுப் பயிற்சி கொடுத்தார். 1956 பிப்ரவரியில் தொலைக்காட்சியில் காட்டப்பட்டது; 1959இல் வெளியான ஆய்வுக் கட்டுரையின் வழியாகத்தான் 'இயந்திரக் கற்றல்' என்ற சொல் பரவியது. எழுதியவரைவிடவே நிரல் நன்றாக ஆடத் தொடங்கியது. 1962இல் ராபர்ட் நீலி என்ற பார்வையற்ற செக்கர்ஸ் வீரரை அது ஓர் ஆட்டத்தில் வென்றபோது, செக்கர்ஸ் தீர்ந்துவிட்டது என்று பலர் நம்பினார்கள். அது தவறு. அடுத்த ஆண்டு நடந்த மறுபோட்டியில் நீலியே மேலோங்கினார். செக்கர்ஸ் உண்மையில் தீர்ந்தது 2007இல்தான். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஜோனதன் ஷேஃபர் குழுவினர், இருபுறமும் பிழையில்லாமல் ஆடினால் ஆட்டம் டிராவில் முடியும் என்று நிறுவினார்கள். 1989இல் தொடங்கிய வேலை அது.

இப்போது நான் மிகவும் நேசிக்கும் இயந்திரத்துக்கு வருகிறேன். அதில் மின்சாரமே இல்லை.

டொனால்ட் மிச்சி இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், எதிரியின் ரகசியக் குறியீடுகளை உடைத்த பிரிட்டனின் பிளெட்ச்லி பார்க்கில் ட்யூரிங்கோடு வேலை பார்த்தவர். இயந்திரம் கற்க முடியுமா என்று இருவரும் சதுரங்கப் பலகையின் முன் உட்கார்ந்து பேசுவார்கள். 1961இல் மிச்சி எடின்பரோவில் இருந்தார். கையில் கணினி இல்லை. காலித் தீப்பெட்டிகள் கிடைத்தன. சுழி–பெருக்கற்குறி ஆட்டத்தில் முதலில் ஆடுபவருக்கு வரக்கூடிய நிலைகளை எண்ணினார். பலகையைத் திருப்பினாலும் கண்ணாடியில் பார்த்தாலும் ஒன்றாகவே இருப்பவற்றை ஒன்றாக்கினால் மிஞ்சுவது 304. தொடக்கத்தில் ஒன்று, இரண்டாவது முறைக்கு 12, மூன்றாவதுக்கு 108, நான்காவதுக்கு 183. நிலைக்கு ஒரு தீப்பெட்டி. பெட்டியின் மேல் அந்த நிலை வரையப்பட்டிருக்கும். உள்ளே பல நிறப் பாசிமணிகள். ஒவ்வொரு நிறமும் ஒரு கட்டத்தைக் குறிக்கும். பெட்டியைக் குலுக்கிச் சாய்த்தால், உள்ளே மூலையில் ஒட்டிய V வடிவ அட்டைக்குள் ஏதோ ஒரு மணி வந்து நிற்கும். அந்த நிறம் சொல்லும் கட்டத்தில் காய். மிச்சி அதற்கு இட்ட பெயர் 'மெனேஸ்'.

முதல் பெட்டியில் ஒவ்வொரு நிறத்திலும் நான்கு மணிகள், அடுத்த கட்டப் பெட்டிகளில் மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. ஆட்டம் முடிந்ததும் கூலி கொடுக்க வேண்டும். இயந்திரம் வென்றால், அந்த ஆட்டத்தில் திறந்த ஒவ்வொரு பெட்டியிலும் எடுத்த நிறத்தில் மூன்று மணிகளைக் கூடுதலாகப் போடு. டிரா என்றால் ஒன்று. தோற்றால் எடுத்த மணியைத் திரும்பப் போடாதே. இவ்வளவுதான். ஆட்டத்தின் நுணுக்கம் எதுவும் அந்தப் பெட்டிகளுக்குத் தெரியாது. மூன்றை ஒரே வரிசையில் வைத்தால் வெற்றி என்பதுகூட எந்தப் பெட்டியிலும் எழுதப்படவில்லை.

இரண்டு நாட்களில் மிச்சி அதனோடு 220 ஆட்டங்கள் ஆடினார். தொடக்கத்தில் இயந்திரம் கண்டபடி ஆடித் தோற்றது. இருபது ஆட்டங்களுக்குள் அவருடைய வழக்கமான ஆட்டத்தை டிரா செய்யப் பழகிவிட்டது. அதைத் திணறடிக்க மிச்சி விபரீதமான நகர்வுகளை வைக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரம் அது தடுமாறியது, பிறகு அவற்றுக்கும் பதில் கற்றது. நாள் போகப் போகத் தோல்விகள் மிச்சியின் பக்கம் கூடின.

இங்கே யோசனை எங்கே நடந்தது என்று கேளுங்கள். மிச்சி கூலி கொடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார், ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கவில்லை. மணிகள் தாமாக எதையும் முடிவுசெய்யவில்லை. தோற்ற ஆட்டங்கள் மணிகளைக் குறைத்தன, வென்ற ஆட்டங்கள் கூட்டின. அப்படிக் கூடிக் குறைந்து 304 பெட்டிகளில் மிஞ்சிய எண்ணிக்கையில்தான் ஆட்டத்தின் அறிவு இருந்தது. உங்கள் பாடத்தில் வலுவூட்டல் கற்றல் என்று படிப்பீர்கள். அதன் எலும்புக்கூட்டை இதைவிடத் தெளிவாக எந்தச் சமன்பாடும் எனக்குக் காட்டியதில்லை. நிமட்ரானின் ஒரு டன் எடையையும் நிம்ராடின் 480 குழாய்களையும் மரியாதையோடுதான் பார்க்கிறேன். ஆனால் இன்றைய கற்கும் மென்பொருள்களின் பாட்டனாரைக் காட்டு என்று கேட்டால், சாமுவேலின் நிரலுக்குப் பக்கத்தில் இந்தத் தீப்பெட்டி அடுக்கைத்தான் காட்டுவேன்.

304 பெட்டிகளைச் சேர்ப்பது கடினம். அதற்கும் வழி இருக்கிறது. 1962 மார்ச்சில் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் மார்ட்டின் கார்ட்னர், மூன்றுக்கு மூன்று பலகையில் பக்கத்துக்கு மூன்று சிப்பாய்கள் மட்டும் கொண்ட ஆட்டம் ஒன்றை அமைத்துக் கொடுத்தார். சிப்பாய் நேரே ஒரு கட்டம் நகரும், குறுக்கே வெட்டும். எதிர்க்கரையைத் தொட்டாலும், எதிரியின் காய்களை முழுவதும் வெட்டினாலும், எதிரியை நகர முடியாமல் அடைத்தாலும் வெற்றி. இரண்டாவதாக ஆடும் இயந்திரத்துக்கு 24 தீப்பெட்டிகள் போதும். தோற்றால் கடைசியாக எடுத்த மணியைப் பறித்துவிட வேண்டும். வேறு விதி இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடை விடுமுறையில் தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து இதைச் செய்தேன். பெட்டிகள் டீக்கடையிலிருந்து வந்தன, மணிகள் அறுந்துபோன பாசிமாலைகளிலிருந்து. காலையில் பிள்ளைகள் ஆர்ப்பரித்து வென்றுகொண்டிருந்தார்கள். சாப்பிட்டு வந்த பிறகு வெல்வது அபூர்வமாயிற்று. மாலையில் எப்படி ஆடினாலும் பெட்டிகள்தான் வென்றன. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஏற்கவில்லை, நான் ஏதோ கைவேலை செய்கிறேன் என்று சந்தேகப்பட்டாள். என்னை எழுந்து தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தரையில் உட்கார்ந்து 24 பெட்டிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து தன் எதிரே பரப்பினாள். காலையில் அவளைத் தடுக்கத் தவறிய பெட்டியில் மூன்று நிறங்கள் இருந்தன. இப்போது ஒரே ஒரு மஞ்சள் மணி இருந்தது. அதை விரலில் எடுத்து, மற்ற இரண்டும் எந்த எந்த ஆட்டத்தில் போயின என்று தன் தோழியிடம் வரிசையாகச் சொல்லத் தொடங்கினாள்.